எச்சில் வெளிச்சம்

எங்கள் ஊரில் யாரும் யார் எச்சிலையும் தொடுவதில்லை. நம்பாவிட்டால் ஆலாம்புதூருக்கு வந்து கேட்டுப் பாருங்கள். டம்ளரை அண்ணாந்துதான் குடிப்போம், உதட்டில் படாது. ஒருவர் கடித்த மாங்காயை இன்னொருவர் கடிக்க மாட்டோம். ஓட்டலில் ஸ்பூன் கொடுத்தால் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி அலசுவோம். இப்படித்தான் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அதை நம்பி ஒரு விஞ்ஞானத் திட்டமே நடந்தது. நான் பல் டாக்டர். காலையிலிருந்து மாலைவரை ஊரார் வாயைத் திறந்து பார்ப்பவன். அந்த வாய்களிலிருந்து வருவதை நம்பலாமா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

திட்டம் என் மனைவி மேகலாவுடையது. கோயமுத்தூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவாள். ஒரு நாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாக என்னை வாஷ்பேசின் முன்னால் நிறுத்தி, ஒரு சின்னக் குப்பியிலிருந்து எதையோ வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் அடிக்கும் டார்ச்சை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள். கண்ணாடியில் பார்த்தேன். என் பற்கள் மாம்பழ மஞ்சளில் மின்னின. கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் பல்பு போலப் பிரகாசமாக எரிந்தது.

"அந்தப் பல்லுல சொத்தை ஆரம்பிக்குதுங்க. எக்ஸ்ரேல தெரிய இன்னும் ஆறு மாசமாகும்" என்றாள்.

பெருமையை விட்டுவிட்டு விளக்கம் கேட்டேன். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எல்லோர் வாயிலும் நாற்றம் உண்டு, அது கந்தக வாயு. பல் தேய்க்கும் பேஸ்ட்டில் துத்தநாகம் இருக்கிறது. அவள் வளர்த்த பாக்டீரியா இரண்டையும் தின்றுவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் துப்பும். ஊதா வெளிச்சம் பட்டால் அந்தத் துகள்கள் ஒளிரும். சொத்தை எங்கே தொடங்குகிறதோ அங்கே கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

"அதென்ன எனக்கு மஞ்சள்?"

"துகள் சிறுசா இருந்தா நீலம். பெருசாகப் பெருசாகப் பச்சை, மஞ்சள், செவப்பு. எவ்வளவு பெருசா வளரும்கிறது, அவங்கவங்க வாய்ல அது எப்படிப் பழகிக்குதோ அதைப் பொறுத்தது. எனக்குப் பாருங்க" என்று தன் வாயைத் திறந்து காட்டினாள். நல்ல நீலம். கலியாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு என் மனைவியின் வாய் என்ன நிறம் என்று தெரிந்துகொண்டேன்.

சோதனைக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. என்னிடம் வருகிற நோயாளிகள் சிலரைக் கேட்டோம், பல் சுத்தம் செய்வது இலவசம் என்றதும் சம்மதித்தார்கள். ஆனால் மேகலாவின் மேலிடத்தில் ஒரு குழு உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு கவலை, இது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் பரவுமா? எச்சில் பட்டால் பரவும் என்று மேகலா உண்மையைச் சொன்னாள். அப்படியானால் ஒவ்வொருவரையும் கேளுங்கள், யாரோடாவது டம்ளர், தட்டு, பீடி எதையாவது பங்கு போட்டுக்கொள்கிறார்களா என்று, என்றது குழு.

கேட்டோம். ஒவ்வொருவராகக் கோபித்துக்கொண்டார்கள். அரிசி மில் சென்னியப்பன் மட்டும் கோபிக்காமல் பாடமே நடத்தினார். எங்கே போனாலும் சொந்த வெள்ளி டம்ளரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவர் அவர். பெற்ற மகள் கடித்த முறுக்கைக்கூடத் தொட்டதில்லை என்றார். "டாக்டரே, எச்சல் தின்கிற சாதியா நாங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் வாயை ஒரு புனிதத்தலம் மாதிரித் திறந்து காட்டினார். பின்னால் சோதனையில் அந்த வாய் வாழைக்குருத்துப் பச்சையாக மின்னியது. இந்தப் பெயர்களெல்லாம் என் கிளினிக் டெக்னீஷியன் இன்பா வைத்தவை. சேலைக்கடையில் நிற்பவன் மாதிரி மயில்கழுத்து, வெங்காயச் சருகு என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நிறம் சொல்லுவான்.

யாரும் யாரோடும் எச்சில் படுவதில்லை என்று மேகலா எழுதிக் கொடுத்தாள். குழு அனுமதித்தது. வேறு ஊர்க்காரர்கள் குழுவில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள். எல்லோரும் நம்மவர்கள், அதனால் நம்பிவிட்டார்கள்.

தை மாதம் ஆரம்பித்தோம். பங்குனிக்குள் ஊரே மின்னியது.

முதலில் கண்டுபிடித்தவர் கூட்டுறவு வங்கிக் காசாளர். கள்ள நோட்டுப் பார்க்க அவரிடம் ஊதா டார்ச் ஒன்று உண்டு. ஒரு நாள் கட்டைப் பிரித்து அடித்தால் நோட்டுக்கு நோட்டு ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒளி. எண்ணும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்ளாதவன் ஆலாம்புதூரில் யார்? பிறகு பஸ் கண்டக்டரின் டிக்கெட் கட்டு, டெய்லர் ஊசியில் கோர்த்த நூல் முனை, பள்ளிக்கூடப் பென்சில்களின் பின்பக்கம், செருப்புக்கடைக்காரர் ஊதித் திறக்கும் பிளாஸ்டிக் கவர் என்று எல்லாம் எரிந்தன. பஸ் ஸ்டாண்டு வாசலில் அந்த டார்ச்சைக் கூறு கட்டி விற்றார்கள். வீட்டுக்கு ஒன்று வாங்கினார்கள்.

கொஞ்ச நாள் சிரிப்பாகத்தான் இருந்தது. வரப்புத் தகராறில் பத்து வருடமாகக் கோர்ட்டுக்கு அலையும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மயில்கழுத்து. விசாரித்தால், சாயங்காலமானால் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் குடிக்கிறார்கள். வக்கீல்கள் இருவரும் மனம் உடைந்துபோனார்கள். குழந்தைக்கு இனிப்பே கொடுப்பதில்லை என்ற ஒரு தாயின் வாயும் பெட்டிக்கடைக் கிழவர் வாயும் ஒன்றாக மின்னின. குழந்தை அவர் கடித்துக் கொடுத்த பாதி மிட்டாயைச் சப்பிவிட்டு மீதியை அம்மாவுக்கு ஊட்டியிருக்கிறது.

இந்த ஒரே நிறச் சங்கதியை மேகலா முதலில் விளக்கியது சம்பூர்ணம் அக்காவிடம். அக்கா மெஸ் நடத்துகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரின் பாதி அங்கேதான். வாசலில் பெரிய போர்டு, 'எச்சில் படாத சமையல்'. அது வெறும் விளம்பரம் இல்லை. அக்கா எதையும் ருசி பார்க்க மாட்டார். வாசத்தை வைத்தே புளியும் காரமும் சொல்லிவிடுவார், உப்பு மட்டும்தான் வாசத்தில் தெரியாது. அதனால் முதல் பந்தியில் முதல் ஆளாக நான் உட்காரவேண்டும், அக்கா பக்கத்தில் வந்து நின்று, "உப்புச் செரியாங் தம்பி?" என்று கேட்பார். நான் தலையாட்டிய பிறகுதான் மற்ற இலைகளுக்குச் சாம்பார் போகும். சென்னியப்பன் வெளியில் கை நனைக்கிற ஒரே இடம் அதுதான்.

ரெண்டு பேருக்கு எப்படி ஒரே நிறம் வரும் என்று அக்கா கேட்டார்.

"தயிருக்கு உறை ஊத்தற மாதிரித்தாங்க்கா" என்றாள் மேகலா. "ஒரு கரண்டி மோர் விட்டா ஒரு அண்டாப் பால் மாறிருதல்லங்க? எந்த உறை விட்டமோ அந்தத் தயிர்தான வரும். அது மாதிரி ஒருத்தர் எச்சில் இன்னொருத்தர் வாய்க்குத் திரும்பத் திரும்பப் போச்சுன்னா, எது பலசாலியோ அதோட நிறத்துக்கு ரெண்டு வாயும் மாறிரும். நாலஞ்சு நாள்ல."

அக்கா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. இலையில் சோறு இருக்கிறபோது இந்தப் பேச்சு எதற்கு என்று எங்களையே திட்டினார்.

சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. எந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வேறு வேறு நிறம், யாருடைய நிறம் யாரோடு சேர்கிறது என்று ஊர் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. டீக்கடைகளில் டம்ளர் போய்க் காகிதக் கப் வந்தது. அதோடு விட்டார்களா? காலனியிலிருந்து வருகிறவர்களை மட்டும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்கள். பிறகு அவர்களுக்கு மட்டும் காகிதக் கப், மற்றவர்களுக்கு மறுபடி டம்ளர். தனி டம்ளர் எல்லாம் எங்கள் அப்பா காலத்தோடு ஒழிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுகாதாரம் என்று பெயர் மாற்றிக்கொண்டு அது திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

மேகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொத்தைப் பல்லைப் பார்க்கக் கொடுத்த விளக்கை வைத்துக்கொண்டு அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார்களே என்று புலம்பினாள். எல்லாவற்றையும் கொன்றுவிடும் கொப்பளிப்பு மருந்து ஒன்று உண்டு. ஒரு குப்பி வெளியே வரவேண்டுமென்றாலும் குழு கூடவேண்டும், குழு கூடத் தேதி வேண்டும், ஆடிக்கு முன்னால் நடக்காது என்றார்கள்.

ஒரு நாள் சென்னியப்பனின் மகள் தாரணி பல்லில் கட்டியிருந்த கம்பியை இறுக்கிக்கொள்ள வந்தாள். கல்லூரிக் கடைசி வருடம், பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஊதா விளக்கைப் போட்டேன். கம்பிகளுக்கு நடுவில் மாதுளம்பூ நிறம். அந்த நிறத்தை ஊரில் இன்னும் ஒரே ஒரு வாயில்தான் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்காரன் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் தட்டை ஏந்தி நின்றான். இன்பா.

இன்பாவின் வீடு காலனியில். அதற்கு மேல் இதில் விளக்கம் வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் பெண்ணும் பையனும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.  விளக்கை அணைத்துவிட்டு, பல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தாரணி என்னைப் பார்த்தாள், பிறகு இன்பாவைப் பார்த்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் போனதும் இன்பாவைப் பிடித்துக்கொண்டேன். கோயமுத்தூரில் என் நண்பன் கிளினிக்கில் இடம் இருக்கிறது, இன்றைக்கே கிளம்பு என்றேன். அவன் அசையவில்லை.

"அவ பரீட்சை முடியட்டுங் சார். பாதியில நான் மட்டும் ஓடிட்டா அவ தலைமேலதான் விடியும்."

விடிந்தது. அந்த வாரமே சென்னியப்பன் வீட்டில் எல்லோர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு வாழைக்குருத்து, மனைவிக்கு வெங்காயச் சருகு, மகளுக்கு மட்டும் வீட்டில் இல்லாத நிறம். தாரணியின் போன் பிடுங்கப்பட்டது. அவர் மச்சினன் கூடவே போய்ப் பரீட்சை எழுதவைத்துக் கூட்டிவந்தான். சென்னியப்பன் டார்ச்சும் கையுமாக ஊர் சுற்ற ஆரம்பித்தார். மில் ஆட்கள், பஸ் ஸ்டாண்டுப் பையன்கள், கல்லூரி வாசலில் நிற்பவர்கள் என்று இளவட்டமாகக் கண்ணில் பட்ட எல்லோரையும் வாய் திறக்கச் சொன்னார். மில்காரர் கேட்டால் திறக்கத்தான் வேண்டும். எதற்கென்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்பா முகக்கவசத்தைக் கழற்றாமல் நடமாடினான். அது எத்தனை நாளைக்கு?

மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் மேகலாவும் இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். சம்பூர்ணம் அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரியும் போலிருந்தது. தாரணி என்னிடம் வந்துவிட்டுப் போகிற நாட்களில் மெஸ்ஸில் மோர் குடிக்க வருவாளாம், பாதி குடித்துவிட்டு வைப்பாளாம், மீதியை அந்தப் பையன் எடுத்துக் குடிப்பானாம். ரெண்டு தடவை தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லும்போதே அக்காவுக்கு உடம்பு கூசியது. கண்றாவி, என்றார். அப்புறம் மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மிணி, ஊரு முச்சூடும் ஒரே நெறமாப் போச்சுன்னா?"

"அப்பப் பிரச்சினையே இல்லீங்க்கா. யாரு யாரோட நிறம்னு எவனால சொல்ல முடியும்? ஆனா அதெப்படி ஆகும்?" என்றாள் மேகலா.

 கடைசியாக வந்து மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்பா அந்த நேரம் எழுந்து கை கழுவப் போனான். அக்கா போய், அவன் மோர் குடித்த டம்ளரைத் துணியால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினார். கழுவும் தொட்டியில் மற்ற டம்ளர்களோடு போடவில்லை, தனியாக உள்ளே எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே.

 டீக்கடைக்காரன் செய்தால் கோபம் வருகிறது, அக்கா செய்தால் அழுகை வருகிறது. இன்பாவும் பார்த்துவிட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வாரம் முழுக்க நான் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்புச் சரியா என்று கேட்டால் ம் என்றேன்.

சித்திரை வெயில் தலையைப் பிளந்தது, டார்ச்சோடு அலைந்தவர்கள்கூட ஓய்ந்துபோய் நிழல் தேடினார்கள். அக்கா மெஸ் வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுக்க ஆரம்பித்தார். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். பெருங்காயமும் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோர். கண்டக்டர்கள் குடித்தார்கள், வக்கீல்கள் குடித்தார்கள், வரப்புத் தகராறு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று குடித்தார்கள். காலனிக்காரர்களுக்கும் அதே டம்ளர். அதைப் பார்த்து எனக்குக் குழப்பமாக இருந்தது, ஆனாலும் வெயிலுக்கு முன்னால் வீம்பு நிற்காது, நானும் மேகலாவும் நாளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். சென்னியப்பன் தன் வெள்ளி டம்ளரை நீட்டி வாங்கி, ஒரு சொட்டு உதட்டில் படாமல் அண்ணாந்து, தொண்டைக் குழியில் நேராக இறக்கினார். ஊரிலேயே எச்சில் படாத மோர் இதுதான் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், பந்தி நிறைந்திருந்த நேரத்தில், சென்னியப்பன் மெஸ்ஸுக்குள் வந்தார். கையில் டார்ச். பின்னால் மச்சினனும் இரண்டு ஆட்களும். வாசலில் கார் என்ஜினை அணைக்காமல் நின்றது. நேராக இன்பாவின் இலைக்கு முன்னால் போய் நின்றார்கள். சாப்பிடும்போது முகக்கவசம் இருக்காது என்று யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

"வாயைத் தொறடா" என்றார் சென்னியப்பன்.

இன்பா என்னைப் பார்த்தான். நான் எழுந்தேன். எழுந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது, கால்கள் தாமாக எழுந்தன. அதற்குள் மச்சினன் இன்பாவின் தாடையைப் பிடித்துத் திறந்தான். சென்னியப்பன் டார்ச் அடித்தார். மாதுளம்பூ.

 சென்னியப்பனின் முகம் எப்படி மாறியது என்று நான் எழுதப்போவதில்லை. 

"ஏனுங் மில்காரரே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சம்பூர்ணம் அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்த வெளக்க இப்படிக் குடுங்."

கொடுக்கவில்லை. அக்காவே வாங்கிக்கொண்டார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த வங்கிக் காசாளரின் வாய்க்கு நேராக அடித்தார். காசாளர் பயத்தில் வாயைத் திறந்துதான் வைத்திருந்தார். மாதுளம்பூ. அடுத்தது கண்டக்டர், மாதுளம்பூ. வக்கீல், மாதுளம்பூ. வரிசையாக அடித்துக்கொண்டே வந்து எனக்கும் மேகலாவுக்கும் அடித்தார். நான் மேகலாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் முதல் முறையாக எங்கள் இருவருக்கும் ஒரே நிறம். பிறகு அக்கா மச்சினனுக்கு அடித்தார். மாதுளம்பூ. அவன் சட்டென்று இன்பாவின் தாடையை விட்டான்.

"நீங்களும் தொறங்" என்றார் அக்கா.

சென்னியப்பன் திறக்கவில்லை. ஆனால் திகைப்பில் வாய் தானாகவே பிளந்திருந்தது. அந்த வாழைக்குருத்துப் பச்சை போன இடம் தெரியவில்லை. மச்சினன்தான் மெதுவாகச் சொன்னான், மாமா, உங்களுக்கும் அதேதானுங்க.

"இது அந்தப் பையன் நெறமுமில்ல, உங்க புள்ள நெறமுமில்ல" என்றார் அக்கா. குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "என்ற எச்சல். நான் ருசி பார்ப்பனுங். உள்ளங்கையில ஒரு சொட்டு உட்டு நக்கிப் பாத்துப்போட்டு அதே கையிலதான் உப்பு அள்ளிப் போடுவேன். இருவது வருசமா அப்படித்தானுங். போர்டுல எழுதுனது பொய். இங்க சோறுண்ட அத்தன பேரு வாயிலயும் இருக்கறது நாந்தான்."

மேகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தேன்.

சென்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. இருபது வருட மத்தியானங்களை அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். குழாயடியில் வெகுநேரம் கொப்பளித்தார். மச்சினன் முதுகைத் தடவிக் கொடுத்து, காரில் ஏற்றிக்கொண்டு போனான். வெள்ளி டம்ளர் மெஸ் வாசலிலேயே கிடந்தது. திரும்பி வந்து எடுக்க ஆள் வரவில்லை.

அதன் பிறகு டார்ச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று. எந்த வாயில் அடித்தாலும் ஒரே நிறம். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த பியூன் ஒருவர் மட்டும் வேறு நிறத்தில் மின்னினார், அவரும் நாலைந்து நாள் மோர் குடித்துவிட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். டீக்கடையில் காகிதக் கப்பை ஏறக்கட்டினார்கள். யாருக்குத் தனியாகக் கொடுப்பது?

அடிபட்டது அக்காதான். போர்டைத் தானே ஏணி வைத்து ஏறிக் கழற்றினார். எச்சில் சம்பூர்ணம் என்று பெயர் வைத்தார்கள். கோயில் அன்னதானச் சமையல், இரண்டு கலியாண ஆர்டர் எல்லாம் கைவிட்டுப் போயின. ஒரு மாதம் மெஸ்ஸில் ஈ ஓட்டினார். பிறகு அந்த ரசத்துக்கு வேறு போக்கிடம் இல்லாமல் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. முதல் இலையில் உட்காருவேன், அக்கா பழக்கதோஷத்தில் பக்கத்தில் வந்து நின்று, உப்புச் செரியாங் தம்பி என்பார். செரியா இருக்குதுங்க்கா என்பேன். எனக்கும் பழக்கதோஷம், யோசிக்கவில்லை.

தாரணி பரீட்சை முடித்துக் கோயமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்பா என் நண்பன் கிளினிக்குக்குப் போனான். ஆனி மாதம் பதிவாளர் அலுவலகத்தில் கலியாணம், சாட்சிக் கையெழுத்து நானும் மேகலாவும். அங்கேயே போலீஸ் ஸ்டேஷனில் பாதுகாப்புக் கேட்டு எழுதியும் கொடுத்தார்கள். சென்னியப்பன் மகளைத் தலைமுழுகினார். ஊருக்கு வரக்கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார். வருத்தம்தான். ஆனால் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து வீட்டு வாடகையைப் பற்றிப் புலம்புகிறார்கள். எங்கள் பக்கத்தில் அது சின்ன சேதி இல்லை.

ஆடியில் கொப்பளிப்பு மருந்து வந்தது. ஊரே என் கிளினிக் வாசலில் வரிசையில் நின்று கொப்பளித்துத் துப்பியது. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும் என்பது குழுவின் உத்தரவு. சம்பூர்ணம் அக்கா மட்டும் வரவில்லை. எனக்கெதற்கு என்று இரண்டு முறை தட்டிக்கழித்தார். கடைசியில் மருந்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு நாங்களே மெஸ்ஸுக்குப் போனோம். ஊரையே மாற்றிய வாயைப் பார்க்காமல் அறிக்கையை எப்படி முடிப்பது என்று மேகலா கெஞ்சியதும் அக்கா பெருமூச்சுவிட்டுச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

மேகலா டார்ச்சை அடித்தாள். இருட்டு. பேட்டரி போய்விட்டதா என்று திருப்பித் தன் விரல்மேல் அடித்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. மறுபடி அடித்தாள். மாதுளம்பூவும் இல்லை, வேறு பூவும் இல்லை. ஆலாம்புதூரிலேயே மின்னாத ஒரே வாய்.

"நான் அன்னைக்கே சொல்ல வந்தேங்க்கா, கொதிக்கிற குழம்புல இது உசுரோட இருக்காது" என்றாள் மேகலா. "இவருதான் காலை மிதிச்சுப்போட்டாரு. எப்படிங்க்கா பண்ணுனீங்க?"

அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீதான அம்மிணி சொன்னே, உறை மாதிரீன்னு. அந்தப் பையன் குடிச்ச டம்ளர தெனமும் தனியா எடுத்தாந்து, வெதுவெதுப்பான பால ஊத்தி அலசி, அதையே அண்டாவுல உறை ஊத்துனேன்."

 ஒரு வாரம் முழுக்க நான் முகம் திருப்பிக்கொண்டிருந்தேனே, அதற்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? இருபது வருடம் பொத்திப் பொத்திக் காத்த பெயரை இப்படிப் போட்டு உடைத்துவிட்டீர்களே அக்கா என்று மட்டும் சொன்னேன்.

"பேரு போனாப் போகுது தம்பி. அந்தப் புள்ளைங்க போயிருந்தா யாரு கொண்டாந்து குடுக்கறது?"

மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஊருக்கே குடுத்தீங்களேக்கா. நீங்களும் ஒரு டம்ளர் குடிச்சிருந்தா உங்க வாயும் சேர்ந்து மின்னியிருக்கும், எங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்காது. ஏன் குடிக்கல?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது தெரியவில்லையே என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"அதுல எச்சலல்லவா அம்மிணி கெடந்துது."